குதிரை வந்துவிட்டது, இன்னும் முடிக்கவில்லை

1

இந்தக் கதை எனக்குப் பஸ்ஸில் கிடைத்தது. உரியவர்கள் வந்து கேட்டால் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். ஆனால் அந்த இரண்டு பெண்களும் இனி வரமாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

யாழ்ப்பாணத்தில் பலாலி வீதியால் போகும் பஸ் திருநெல்வேலிச் சந்தையடியில் நின்று, ஆட்களையும் ஆட்களைவிட அதிகமாக வாழைக்குலைகளையும் ஏற்றிக்கொண்டிருந்தது. எனக்குப் பின்னால் இருந்த ஒருத்தி பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்: "குதிரை வந்திட்டுதாம். ஆனா இன்னும் முடிக்கேல்லையாம்."

மற்றவள், இதில் வியப்பதற்கு என்ன இருக்கிறது என்பதுபோல, "ம்" என்றாள். அடுத்த தரிப்பில் இருவரும் இறங்கிப் போய்விட்டார்கள்.

வந்த குதிரை எப்படி முடிக்காமல் இருக்கும்? வருவதுதானே முடிவு? இதை யோசித்துக்கொண்டே நான் இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டினேன், உரும்பிராயைத் தாண்டினேன், பலாலி மட்டும், கடைசித் தரிப்புவரை, போய் அதே பஸ்ஸில் திரும்பி வந்து மறுபடியும் போனேன். அடுத்த தடவை கொண்டக்டர் என்னிடம் ரிக்கற் கேட்கவில்லை. நான் பஸ்ஸோடு சேர்த்து வாங்கப்பட்ட சாமான் என்று எண்ணிவிட்டார். பஸ்ஸை எடுக்கச் சொல்லும் அவருடைய ஒரு 'றைற்'றுக்கும் மறு 'றைற்'றுக்கும் இடையிலேதான் மீனாம்பிகை வந்தாள். குதிரையோடு வந்தாள்.

ஆகவே இங்கே உண்மையானது அந்த ஒரு வாக்கியம். ஊர்களும் உண்மையானவைதான், தேவைக்கு ஒன்றிரண்டு மைல் தள்ளி வைத்திருக்கிறேன், அவ்வளவே. மற்றதெல்லாம் நான் சொல்வது. நான் சொல்வதில் அரைவாசியை எடுத்தால் போதும் என்று வீட்டில் சொல்வார்கள். கால்வாசியே தாராளம்.

2

தொடங்கிப் பார்த்தேன்.

*ஆயிரத்துத் தொளாயிரத்து எழுபத்தைந்தாம் ஆண்டு ஆவணி மாதத்தில் ஒரு நாள் மீனாம்பிகை கண் விழித்தபோது, கிழக்கே வானம் —*

(வானம் வேண்டாம். நான் எழுதிய எல்லாக் கதையிலும் வானம் ஏதாவது ஒரு நிறத்தில் இருந்துகொண்டேயிருக்கிறது. இந்த முறை அது தன்பாட்டில் இருக்கட்டும்.)

*யாழ்ப்பாணத்தில் குதிரை ஏது என்று கேட்பவர்களுக்கு நாம் சொல்லவேண்டியது யாதெனில் —*

(ஒருவரும் கேட்கவில்லை.)

*முடிக்காவிட்டால் கப்பித்தானைத் தோணியில் ஏற்றிவிடுவதாக அண்ணன் சொன்னார்.*

இது நிற்கட்டும். இதில் ஒரு குதிரை, ஒரு அண்ணன், ஒரு தோணி மூன்றும் இருக்கின்றன. இனி விளக்கம் மட்டுந்தான் மிச்சம்.

அந்த ஆண்டுகளில் மிளகாய்க்கு விலை ஏறியிருந்தது. உரும்பிராயில் முற்றம், கூரை, மதில், கோயில் வீதி எங்கும் மிளகாய் காய்ந்தது. பலாலியில் இறங்கவந்த விமானம் ஊர் தீப்பிடித்துவிட்டதென்று பயந்து மேலே ஒரு சுற்றுப் போனது. (கால்வாசி.) பெற்றோல்தான் கிடைக்கவில்லை. கையில் மிளகாய் விற்ற காசும் ஓடாத காரும் வைத்திருந்த கமக்காரர்கள் நெடுந்தீவிலிருந்து மட்டக்குதிரைகளைத் தோணியில் இறக்குவித்தார்கள். அப்படி வந்ததுதான் கப்பித்தான். மண்ணிறம், நெற்றியில் ஒரு வெள்ளைப் புள்ளி. ஏறியிருப்பவர், எதிரே நடந்து வரும் உயரமான ஆளோடு நேருக்கு நேர் முகம் பார்த்துக் கதைக்கலாம், அவ்வளவு உயரந்தான். தோணியில் வரும்போது, கப்பல் கப்டன் மாதிரி, முன்முனையான அணியத்தில் நின்று காற்றைப் பார்த்துக்கொண்டே வந்ததால் அந்தப் பெயர்.

வாங்கியவர் மீனாம்பிகையின் அண்ணன் இராசநாயகம். மாட்டுவண்டிச் சவாரியில் வடமராட்சியிலிருந்து தென்மராட்சிவரை அவரை வென்றவர் இல்லை. அவர் தோட்டத்தில் நின்று எருதை அதட்டினால் கோப்பாயில் வேறு யாருடைய எருதுகளோ திரும்பும். குதிரை என்பது கொம்பைக் கழற்றி வைத்துவிட்டு வந்த எருது என்பது அவர் எண்ணம். முதல் வருடமே கப்பித்தானைக் குதிரைகளுக்கென்று புதிதாக வைத்த நெடுஞ்சவாரியில் ஓட்டினார். பளை மட்டும் போய்த் திரும்புவது, ஐம்பது மைல். துவரந்தடியால் அடித்து அடித்து ஓட்டினார். திரும்பி வரும் வழியில் கைதடி வெளியில் கப்பித்தான் முன்னங்கால் மடிந்து விழுந்தது. அவர் தோளில் சால்வையை உதறிப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். மீனாம்பிகை ஒரு குடத்தோடு போனாள். அது எழும்பும்வரை பக்கத்தில் இருந்து, எழும்பியதும் நடத்திக்கொண்டு வந்தாள்.

அதிலிருந்து அதற்குத் தண்ணீர் வைப்பது, புல்லுக்குப் போவது, கால் தேய்ப்பது எல்லாம் அவள்தான். அண்ணனுக்கு அது வெறும் தீனிச் செலவு. தீவிலேயே கொண்டுபோய் விட்டுவிடப்போவதாகச் சொன்னார். ஆவணியில் நெடுந்தீவில் குட்டைகள் வற்றிப்போகும். சொந்தக்காரரில்லாத கட்டாக்காலிக் குதிரைகள் வெடித்த சேற்றில் வாய் வைத்தபடி சாகும். அது அவருக்கும் தெரியும். அவர் கெட்ட மனிதர் அல்ல. ஓடாத மாட்டை வைத்திருக்காத மனிதர்.

"குறுஞ்சவாரியில நான் ஓட்டுறன், அண்ணை" என்றாள் மீனாம்பிகை.

இராசநாயகம் வெற்றிலையை மென்று முடிக்கும்வரை அவளைப் பார்த்தார். "முடிச்சால் உனக்கு. முடிக்காட்டில் திங்கட்கிழமை குறிகட்டுவான் துறையில தோணி."

(மீனாம்பிகைக்கு வயது நாற்பதை எட்டிக்கொண்டிருந்தது, கலியாணமாகவில்லை, தன் பங்குத் தோட்டத்தில் வெங்காயம் செய்கிறாள். அவளுக்கு ஒரு மாப்பிள்ளை பார்க்கும்படி இதை வாசித்த நண்பர் ஒருவர் எழுதியிருந்தார். அவள் ஓட்டப்போகும் இருபத்தைந்து மைலுக்குள் மாப்பிள்ளை பார்க்க முடியாது. அவளும் கேட்கவில்லை.)

3

இனி விதிகள். இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம் என்று எழுதி, பிறகு வெட்டிவிட்டேன். தாண்டிப் போனவர்தான் இந்தக் கதையில் மாட்டுப்படுகிறார்.

விதி கொண்டுவந்தவர் சோமசேகரம், மலாயாவில் வேலை செய்து ஓய்வுபெற்ற பென்சனியர். அங்கே தோட்டத்துரைமார் குதிரையோடுவதைக் கண்டவர். இந்த மனிதரில் எனக்கு நம்பிக்கை இல்லை. கதைக்கு விதி வேண்டியிருந்தது. விதியைத் தூக்கிக்கொண்டு ஒருவர் வந்துவிட்டார். இப்படிக் காரியத்துக்காக மட்டும் கதைக்குள் வருபவர்களிடம் கொஞ்சம் கவனமாக இருக்கவேண்டும். ஒரு பிரதியில் அவரை முழுவதுமாக வெட்டினேன். அடுத்த பிரதியில் குடையை விரித்தபடி வந்து, தலைவர் இல்லாமல் எப்படிச் சவாரி நடத்துவீர் என்று கேட்டார். இருக்கட்டும், இருந்துவிட்டுப் போகட்டும்.

சோமசேகரம் வைத்த சவாரிகள் இரண்டு. நெடுஞ்சவாரி ஐம்பது மைல். குறுஞ்சவாரி அதில் பாதி: உரும்பிராயில் தொடங்கி, கோப்பாய், நீர்வேலி, புத்தூர், அச்சுவேலி கடந்து வல்லை வெளி மட்டும் போய், வந்த வழியே திரும்புவது. நெடுஞ்சவாரிக்காரர் குறுஞ்சவாரியைப் 'பிள்ளைத்தாச்சி ஓட்டம்' என்றார்கள். கிழட்டுக் குதிரை, பயந்த குதிரை, விழுந்தெழும்பிய குதிரை, புதிதாக ஏறுகிறவர்கள் எல்லாம் அதில்தான்.

தடி கூடாது. இறங்கி நடக்கலாம், குதிரை நடந்தால் போதும், ஆள் மேலே இருக்கவேண்டும் என்றில்லை. பாதி வழியில் மிருக வைத்தியர் மறிப்பார். தோலைக் கிள்ளி விடுவார். கிள்ளிய இடம் உடனே படியவேண்டும், படியாவிட்டால் உடம்பில் தண்ணீர் இல்லை. வயிற்றில் காது வைப்பார். உள்ளே இரைச்சல் இருக்கவேண்டும். ஒரு எட்டு ஓடவிட்டு நொண்டுகிறதா என்று பார்ப்பார். நாடி பிடிப்பார், அது இறங்கும்வரை விடமாட்டார்.

இவை இரண்டு சவாரிக்கும் பொது. வித்தியாசம் ஒன்றே ஒன்றுதான்.

நெடுஞ்சவாரியில் குதிரை முடிவிடத்துக் கயிற்றைக் கடந்ததும் மணிக்கூடு நிற்கும். குறுஞ்சவாரியில் நிற்காது. குதிரையின் நாடி நிமிடத்துக்கு அறுபத்துநாலுக்கு இறங்கும்போதுதான் நிற்கும். அந்த நேரமே முடித்த நேரம். அரை மணித்தியாலத்துக்குள் இறங்காவிட்டால், முதலாவதாக வந்திருந்தாலும் முடிக்கவில்லை.*

(* கேட்டீர்களா, பஸ்ஸில் கிடைத்த வாக்கியம் இங்கேதான் வந்து சேருகிறது. நான் இதைக் கண்டுபிடித்தபோது எழும்பி நின்று கை தட்டினேன். அயல்வீட்டு நாய் குரைத்தது.)

இதில் ஒரு நியாயம் இருக்கிறது. தூரம் குறைந்தால் மனிதனுக்கு ஆசை கூடும். இருபத்தைந்து மைல்தானே என்று விரட்டிக்கொண்டு வருவான். ஆகையால் கடைசி மைலைச் சோமசேகரம் றோட்டில் வைக்கவில்லை. குதிரைக்குள்ளே வைத்தார். அங்கே தடியும் போகாது, சத்தமும் போகாது.

நான் முதலில் இதை நாவலாக எழுதத்தான் இருந்தேன். ஐம்பது மைல் நாவல். நாவலில் ஒரு சுகம் உண்டு: 'முற்றும்' என்று எழுதினால் முற்றிவிடும், கயிற்றைக் கடந்த மாதிரி. சிறுகதையில் அப்படி இல்லை. நான் நிறுத்திய பிறகும் எங்கேயோ ஒன்று அடித்துக்கொண்டிருக்கும். அது எப்போது அடங்குகிறதோ அப்போதுதான் —

(போதும். கட்டுரை வாசிக்க வந்தவர்கள் கை தூக்குங்கள். ஒருவருமில்லை.)

4

விடியப்புறம் பத்துக் குதிரைகள் புறப்பட்டன. ஒன்பது ஓடின. ஒன்று நடந்தது.

மீனாம்பிகை சேலைக்குக் கீழே அண்ணனின் பழைய காக்கிக் காற்சட்டையைப் போட்டிருந்தாள். சாக்குச் சேணம். காற்சட்டையை ஒருவர் பார்த்து மற்றவருக்குச் சொல்ல, அவர் வேலிக்கு மேலால் அடுத்தவருக்குச் சொல்ல, அவள் கோப்பாய்க்குப் போவதற்கு முன்பே அந்தக் காற்சட்டை புத்தூருக்குப் போய்விட்டது. அவள் ஒன்றையும் கேட்கவில்லை. கப்பித்தானின் கழுத்தில் ஒரு கையை வைத்துக்கொண்டு, அதன் மூச்சு எத்தனை குளம்படிக்கு ஒன்றாய் வருகிறது என்பதை மட்டும் கவனித்தாள்.

நீர்வேலியில் வாழைத்தோட்டங்கள் றோட்டின் இரண்டு பக்கமும் நின்றன. சோளகக் காற்று மெல்ல எழும்பியிருந்தது. இலைகள் பெரிய காதுகளைப்போலத் திரும்பித் திரும்பி அவர்களைப் பார்த்தன. சூத்திரக் கிணறொன்றின் இறைப்புச் சில்லு யாருமில்லாமல் தானாகச் சுற்றுவதுபோல இருந்தது. வெங்காயத் தறைகளில் தண்ணீர் ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்கு நினைத்து நினைத்துப் போயிற்று. புத்தூரைத் தாண்டும்போது கப்பித்தான் தானாகவே ஓட்டத்துக்கு மாறியது. அவள் மறிக்கவில்லை. அது ஓடுகிற ஓட்டமாக இல்லை, நித்திரையில் ஒருவர் மாடிப்படி இறங்குவதுபோல இருந்தது.

வல்லை வெளிக்கு வந்ததும் ஊர் முடிந்துவிட்டது. மரம் இல்லை, வேலி இல்லை. தண்ணீர் வற்றி உப்புப் பூத்த தரை வெள்ளையாய் விரிந்து, எங்கோ ஓரிடத்தில் தரை என்பதை விட்டுவிட்டு —

(வானம் வருகிறது. இதோ நிறுத்திவிட்டேன்.)

— எங்கோ ஓரிடத்தில் கண் கூசி முடிந்தது. கொக்குகள் ஒற்றைக் காலில் நின்று, தாங்கள் இறந்துபோனதை இன்னும் யாரும் சொல்லாத மாதிரி நின்றன. அந்த வெண்மைக்குள் கப்பித்தானின் நிழல் மட்டும் இருந்தது. அதற்கு மேலே தன் நிழல். இரண்டுக்கும் நடுவில் கோடு எங்கே என்று மீனாம்பிகை தேடினாள், காணவில்லை. இவ்வளவு தூரம் எதற்காக வந்தோம் என்பது சிறிது நேரம் அவளுக்கு மறந்துபோயிற்று. பிறகு தோணி ஞாபகம் வந்தது. இறங்கி நடக்கத் தொடங்கினாள்.

படங்குத் துணிப் பந்தலுக்குக் கீழே மிருக வைத்தியர், டொக்டர் செபநாயகம், இதயம் கேட்கும் குழாயைக் கழுத்தில் போட்டபடி இருந்தார். அவருக்கு முன்னால் ஒன்பது குதிரைகளும் நின்றன, விரட்டப்பட்டு வந்து சேர்ந்த குதிரைகள். நாடி இறங்காததால் மறித்து வைக்கப்பட்டிருந்தன. அவற்றின் சொந்தக்காரர்கள் டொக்டரோடு வாதாடிக்கொண்டிருந்தார்கள். வாதாட்டத்தில் குதிரைகளின் நாடி இன்னும் ஏறிற்று.

செபநாயகம் கப்பித்தானின் முன்னங்காலுக்குப் பின்னால் குழாயை வைத்துக் கேட்டார். தோலைக் கிள்ளினார். ஒரு எட்டு ஓடவிட்டார்.

"குதிரைக்குச் சரி, பிள்ளை. உம்மடை நாடியைப் பாத்தால் உம்மைத்தான் மறிக்கவேணும்."

"இது முடிஞ்சாப் பேந்து என்னை மறியுங்கோ, டொக்டர்."

கப்பித்தான் ஒரு வாளித் தண்ணீர் முழுவதையும் குடித்தது. குடித்து முடித்ததும் வாளிக்குள் தலையை வைத்தபடி அப்படியே நின்றது. பிறகு இருவரும் திரும்பினார்கள். முன்னால் யாரும் இல்லை.

5

அவள் முதலாவதாக வருகிறாள் என்ற செய்தி சைக்கிளில் வந்தது. இந்த இடத்தில்தான் இராசநாயகம் அந்தப் பிழையைச் செய்தார். அது உரும்பிராயில் பிறந்த ஒருவர் மட்டுமே செய்யக்கூடிய பிழை.

முதலில் அவர் நம்பவில்லை. பிறகு இன்னொரு சைக்கிள் வந்தது: நீர்வேலி தாண்டிவிட்டாளாம், இறங்கி நடந்து வருகிறாளாம், அப்படியும் பின்னால் ஒருவரையும் காணவில்லையாம். இராசநாயகம் வெற்றிலையைத் துப்பினார். தங்கச்சி. தன் தங்கச்சி. தன் காற்சட்டை. அவர் கண் கலங்கியதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். (நான் பார்க்கவில்லை, ஆனால் பார்த்தவர்களை இப்போதே உருவாக்கித் தருகிறேன், எத்தனை பேர் வேண்டும்?) தோணி, திங்கட்கிழமை எல்லாம் எங்கேயோ போய்விட்டது. சவாரியில் வென்ற எருதுக்கு என்ன செய்வார்களோ அதை அவர் செய்தார். மேளகாரரைக் கூட்டிவர ஆள் அனுப்பினார். சந்திக் கடையில் இருந்த சீனவெடி முழுவதையும் எடுப்பித்தார். மாலை கட்டுவித்தார்.

கோப்பாயிலிருந்து திரும்பும் குறுகிய ஒழுங்கைப் பாதையில் மீனாம்பிகை கப்பித்தானுக்குப் பக்கத்தில் நடந்து வந்தாள். மூச்சு அடங்கி, வியர்வை காய்ந்து, தலை தாழ்ந்து, அது அப்போதே கிட்டத்தட்ட முடித்திருந்தது. கயிற்றைத் தாண்டிக் கொஞ்ச நேரம் நின்றாலே போதும். அவள் சந்தியில் திரும்பினாள்.

தவில் இடித்தது. இரண்டு நாதஸ்வரம். வெடி ஒரு முழு வேலி நீளத்துக்குக் கட்டித் தொங்கவிடப்பட்டிருந்தது. அது வெடித்த வெடியில் சுன்னாகத்தில் ஒரு மனிதருக்கு நெடுநாள் விக்கல் நின்றது. ஊர் முழுவதும் குரல் கொடுத்தது. இராசநாயகத்தின் குரல் அதற்கு மேலே போயிற்று. கப்பித்தான் பின்னங்காலில் எழும்பியது. அவள் கடிவாளத்தில் தொங்கி, இழுபட்டு, எப்படியோ முடிவுக் கயிற்றைக் கடந்தாள்.

டொக்டர் செபநாயகம், மறித்த குதிரைகளை உதவியாளிடம் விட்டுவிட்டு, அரசாங்கப் பெற்றோலில் ஓடும் மோட்டார்சைக்கிளில் அதற்கு முன்பே வந்து சேர்ந்திருந்தார். குழாயை வைத்தார். இராசநாயகம் மாலையோடு வந்து நின்றார்.

"என்ன டொக்டர் பாக்கிறியள்? முதலாவதா வந்தது. ஊர் கண்டது."

"வந்திட்டுது, இராசநாயகம். இன்னும் முடிக்கேல்லை."

"வந்தது முடிஞ்சதில்லையோ?"

"நாடி நூறைத் தாண்டி நிக்குது."

"ஆருக்கு?"

"குதிரைக்கு. உமக்குப் பேந்து பாப்பம்."

சோமசேகரம் குடையோடு வந்து விதியைச் சொன்னார். அரை மணித்தியாலம், அதற்குள் அறுபத்துநாலு, இல்லையேல் இல்லை. இராசநாயகம் விதியைக் கேட்டுக்கொண்டே தவில்காரரைப் பார்த்தார். எரிந்து முடிந்த வெடிக்கட்டைப் பார்த்தார். தன் கையில் இருந்த மாலையைப் பார்த்தார். கடைசியாகத் தங்கச்சியைப் பார்த்தார். அவள் முகத்தில் கோபம் இல்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

"மேளத்தை நிப்பாட்டுங்கோ" என்றார். அவர் வாழ்நாளில் மெதுவாகச் சொன்ன முதல் வாக்கியம் அது. மேளம் நின்றது.

6

உரும்பிராய் பேசாமல் இருந்தது.

இதை நீங்கள் நம்பமாட்டீர்கள். நானும் இரண்டு பிரதியில் நம்பவில்லை. ஆனால் இருந்தது. முதலில் எல்லோரும் எல்லோரையும் பார்த்து "ஸ்ஸ்" என்றார்கள். அந்த 'ஸ்ஸ்' ஒரு பாம்புப் பண்ணைபோல எழும்பியதால் அதையும் விட்டார்கள். றேடியோக்கள் நின்றன. பலாலி பஸ் சந்தியில் நிறுத்தப்பட்டு என்ஜின் அணைந்தது. சனங்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினார்கள். இருமல்காரர் ஒருவர் தானாகவே நாலு வீட்டு வளவு தள்ளிப் போய் இருமினார். காய்ந்த மிளகாய் கையில் சலசலக்குமென்று பெண்கள் கையை அசைக்காமல் நின்றார்கள். கோழிகளுக்கு யார் சொன்னார்களோ தெரியாது. வாழை இலையில் காற்று உரசுவது கேட்டது. பிறகு அதுவும் தன்னை ஒரு பக்கம் சாய்த்து வைத்துக்கொண்டது.

அந்த அமைதிக்குள் ஒரு குதிரையும் ஒரு பெண்ணும் ஒரு டொக்டரும் நின்றார்கள். நிழல்கள் நகரவில்லை. முழு ஊரும் ஒரு கிணற்றின் அடியில் இறங்கி, அங்கே மூச்சு விடலாம் என்று கண்டுபிடித்தது போல இருந்தது.

டொக்டர் எண்ணினார். இறங்கியிருந்தது. திரும்ப எண்ணினார். ஏறியிருந்தது. அவருக்கு விளங்கவில்லை. இறங்கும், ஏறும், இறங்கும், ஏறும். சோமசேகரம் மணிக்கூட்டைப் பார்த்தார். பாதிக்கு மேல் போய்விட்டது.

மீனாம்பிகை நெற்றியைக் கப்பித்தானின் கழுத்தில் வைத்திருந்தாள். ஒரு கை அதன் விலாவில். கண் மூடியிருந்ததால் அவளுக்கு முதலில் தெரியவில்லை, கைக்குத்தான் தெரிந்தது. விலாவில் அந்தத் துடிப்பு சாந்தமாகிக்கொண்டு வரும். பிறகு, காரணமில்லாமல், வலதுபக்கத் தோல் முழுவதும் சிலிர்க்கும். உடனே உள்ளே எதுவோ ஓடத் தொடங்கும். கண்ணைத் திறந்தாள். கப்பித்தானின் வலது காது ஒரு திக்கை மட்டும் பார்த்துத் திரும்பியிருந்தது. அந்தத் திக்கைப் பார்த்தாள்.

அங்கே அண்ணன் நின்றார். கையைக் கட்டிக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு, யாரையும்விட அமைதியாக நின்றார். ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறினார். அவள் கைக்குக் கீழே துடிப்பு துள்ளியது.

அவளால் இதைச் சொல்ல முடியுமா என்று எனக்குச் சந்தேகம். அவள் அண்ணனை எதிர்த்துக் கதைத்து வளர்ந்தவள் அல்ல. மேளத்தோடு வந்தவர், மாலை இன்னும் கையில். அவளுக்காக அவர் இவ்வளவு ஆசையாய் நின்றது இதுவே முதல் தடவை. *மீனாம்பிகை ஒன்றும் பேசாமல் —* என்று எழுதினேன். அவள் அந்த வாக்கியத்தை முடிக்க விடவில்லை.

"அண்ணை, நீங்கள் போங்கோ."

"நான் ஒண்டும் செய்யேல்லையே, பிள்ளை. வாயே திறக்கேல்லை."

"எனக்குத் தெரியும். அவனுக்குத் தெரியேல்லை."

இராசநாயகம் குதிரையைப் பார்த்தார். குதிரை அவரைப் பார்க்கவில்லை. காது மட்டும் பார்த்தது. கைதடி வெளியும் துவரந்தடியும் அவருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்திருக்கவேண்டும். நெடுநேரம் நின்றார் என்று எழுத ஆசை; ஆனால் அங்கே நெடுநேரம் மிச்சம் இருக்கவில்லை.

"எவ்வளவு தூரம் போக?" என்று கேட்டார்.

"காணாத அளவுக்கு."

மாலையைப் பக்கத்தில் நின்றவரிடம் கொடுத்துவிட்டு, கிளுவை வேலிகளுக்கு நடுவே இருந்த ஒழுங்கையில் அவர் நடந்தார். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். வெள்ளை வேட்டி சிறிதாகிச் சிறிதாகிப் போவதை மீனாம்பிகை பார்த்தாள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. டொக்டர் மறுபடியும் குழாயை வைத்தார்.

7

என்னிடம் முடிவுகள் இருக்கின்றன. இல்லை என்று சொல்லமாட்டேன்.

ஒன்று: நாடி இறங்குகிறது. டொக்டர் கையைத் தூக்குகிறார். ஊர் பாய்ந்து கத்துகிறது, மிச்சமிருந்த ஒரே ஒரு வெடி —. வேண்டாம். இவ்வளவு பட்ட பிறகும் வெடியோ.

இரண்டு: இறங்கவில்லை. வாக்கென்றால் வாக்கு; திங்கட்கிழமை குறிகட்டுவான். *கப்பித்தான் தோணியின் அணியத்தில் நின்று, கரையில் நிற்பவளைத் —* இதை நான் மூன்று இரவு முயன்றேன். என் பேனா இந்த வாக்கியத்தில் நொண்டுகிறது. ஒரு எட்டு ஓடவிட்டுப் பார்த்தால் யாருக்கும் தெரியும்.

மூன்று: இறங்கினாலென்ன இறங்காவிட்டாலென்ன, குதிரை உனக்குத்தான் என்று அண்ணன் திரும்பி வந்து சொல்கிறார். நல்ல முடிவு, எல்லோருக்கும் பிடிக்கும். ஆனால் அதைச் சொல்ல அவர் திரும்பி வரவேண்டும். வந்தால் நாடி ஏறும். கொடுப்பதானாலும் அவள் முடித்துத்தான் எடுப்பாள். இருபத்தைந்து மைல் அதற்காகத்தான் போனாள்.

இன்னொன்றையும் கவனித்தேன். டொக்டர் குழாயை வைத்து எண்ணத் தொடங்குகிறார். நான் உடனே சுன்னாகத்து விக்கலைச் சொல்கிறேன், விமானத்தைச் சொல்கிறேன், அடைப்புக்குறிக்குள்ளே போய்க் கை தட்டுகிறேன். இந்தச் சந்தியில் இன்னும் வாயை மூடாத ஆள் நான் ஒருவன்தான்.

ஆகவே நானும் போகிறேன். அந்த ஒழுங்கையாலேயே.

இராசநாயகம் ஒரு வளைவுக்கு அப்பால், வேலியோரத்தில், செருப்பை மடியில் வைத்துக்கொண்டு குந்தியிருக்கிறார். நான் பக்கத்தில் இருக்கிறேன். இங்கிருந்து சந்தி தெரியாது.

"ஏதும் கேக்குதோ?" என்கிறார், மிகவும் மெதுவாக.

"இல்லை."

"நல்லது."

நீங்கள் இன்னும் அங்கே, சந்தியில், நிற்கிறீர்கள். மீனாம்பிகை உங்களுக்கு இடம் விட்டு ஒதுங்குவாள். கையைக் கப்பித்தானின் முன்னங்காலுக்குப் பின்னால், விலாவில் வையுங்கள். உங்களுடைய துடிப்பு வேறு, அதனுடையது வேறு. கொஞ்ச நேரம் இருந்தால் பிரித்துத் தெரியும். அவசரப்படவேண்டாம். எண்ணி முடிந்ததும், அது எதுவானாலும், எங்களுக்கு வந்து சொல்லுங்கள்.

ஓடி வரவேண்டாம். நடந்து வாருங்கள்.